ஸ்டிக்கருக்குப் பின்னால் இருந்த முள்

தம்பி, நீ வேலூரிலிருந்து பஸ் இறங்கி வரும்போது இந்தக் காகிதம் தெருமுனையில் நிற்கிற உங்கப்பா காரின் டிரைவர் சீட்டில் கிடக்கும், கதவைப் பூட்டவில்லை. முதலில் இதைப் படி, பிறகு வீட்டுக்குள் வா. வாங்கிவந்த கேஸ்கெட்டைக் கவர் பிரிக்காமல் அப்படியே வை. மெக்கானிக்குக்கும் இப்போதே போன் போடாதே. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால் "சரிம்மா, சரிம்மா, வச்சிடட்டா" என்கிறாய். நேரில் சொன்னாலோ பாதியிலேயே உன் குரல் உச்சிக்குப் போய்விடும், நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகும். காகிதம் என்றால் நீ கத்தினாலும் அது பாட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருக்கும். கத்தியே ஆக வேண்டும் என்று தோன்றினால் இந்தக் காகிதத்தைப் பார்த்துக் கத்தி முடித்துவிடு. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கத்து, தெருவே வேடிக்கை பார்க்கும்.

நேற்று நந்தினியின் வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. அவளைப் பெற்றவர்களும் வயிறாரச் சாப்பிட்டு, வாயார வாழ்த்திவிட்டு செஞ்சிக்கு பஸ் ஏறிவிட்டார்கள். அவர்களோடேயே அவளை அனுப்பியிருக்கலாம். நீதான் "என் பொண்டாட்டிய எங்கப்பா வண்டியில நானே கூட்டிகினு போய் விடறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாய். நாளை மறுநாள் காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. வாடகைக் கார் வைத்துக்கொள்ளடா என்று சொல்லிப் பார்த்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். அப்பா வண்டிதான், யார் இல்லை என்றது? அப்பா போய் வருஷம் திரும்பிவிட்டது. வண்டிக்குக் கிட்டத்தட்ட உன் வயது. சேத்துப்பட்டு தாண்டிவிட்டால் அடிக்கிற சித்திரை வெயிலுக்கு ஒதுங்கி நிற்க மரம்கூட அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஒன்பது மாதப் பிள்ளைத்தாய்ச்சியை உட்கார வைத்துக்கொண்டு நடுரோட்டில் வண்டி கொதித்து நின்றால் என்ன செய்வாய் என்று நினைக்க நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை. சாமிக்குப் பூ கட்டினால் முடிச்சு நழுவுகிறது. "அம்மாவுக்கு எப்பவும் இதே பேஜாரு" என்பாய். சொல்லிக்கொள். ஆனால் இன்று காலையிலிருந்து என் பயம் வேறு இடத்துக்கு மாறிவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நீங்கள் ஊருக்கு வந்த அன்று நடந்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள். ஒரகடத்திலிருந்து விடியலில் கிளம்பி வெயில் ஏறும் நேரத்துக்கு வந்துவிட்டீர்கள். அன்று நம் தெருவில் எதிர்வீட்டுத் தனத்தின் பாவு. தறியில் ஏற்றப்போகிற பட்டு இழைகளைத் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, விறைப்பாகக் காயவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் நடக்கவே சுவரோரம் ஒதுங்க வேண்டும், கார் எங்கே நுழைவது? தெருமுனை வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினாய். நிறுத்தியதுதான் தாமதம், முன்பக்கமிருந்து குபுகுபுவென்று ஆவி. மெக்கானிக் போனை எடுக்கவில்லை என்று அவர் கடைக்கே நடந்துபோனாய். போகும்போது நந்தினியிடம் "வண்டியாண்டயே நில்லு, எங்கயும் போவாதே" என்று சொல்லிவிட்டுப் போனாயாம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற பெண்ணை வெயிலில் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போனதற்கே அன்று உன் முதுகில் இரண்டு வைத்திருக்க வேண்டும்.

நீயும் மெக்கானிக்கும் வந்து, சூடு ஆறியபிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தீர்கள். கழுத்துவரை நிறைந்திருந்தது. "தண்ணி ஃபுல்லா கீது சார். அப்போ தெர்மோஸ்டாட்டுதான்" என்றார் அவர். இன்ஜின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிற வால்வு அது. மாற்றினார். வண்டி முன்னைவிடச் சீக்கிரமாகச் சூடேறியது. ஃபேன் பெல்ட்டை மாற்றினார். அப்படியும் கேட்கவில்லை. முந்தாநாள் தண்ணீரைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தபோது வெள்ளையாக வந்ததாம். "பால் மாதிரி கீது சார், ஆயில் கலந்துடுச்சு. ஹெட் கேஸ்கெட் பூட்டுச்சு, இன்ஜினைப் பிரிச்சே ஆவணும்" என்று சொல்லிவிட்டார். இன்ஜினுக்குள் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கிற தகடு அது, அதை வாங்கத்தான் இன்று வேலூர் போனாய். இந்த ஒரு வாரமும் நீ வீட்டுக்குள் வந்த அழகு எங்களுக்குத்தான் தெரியும். கதவை அறைவாய். தட்டைத் தள்ளுவாய். "என்னாச்சுங்க" என்று நந்தினி கேட்டால் "ஒனக்குச் சொன்னா புரியுமா?" என்பாய். அவள் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே போய்விடுவாள்.

அதே முதல்நாள் சாயங்காலம் தனம் நம் வாசலில் வந்து நின்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாளே, நினைவிருக்கிறதா? "எம் பக்கெட்டு கஞ்சியில முக்காவாசி காணோங்க்கா! எவன் ஊட்டு மாடோ குடிச்சிட்டுப் பூட்டுச்சு. பாவு நட்டநடுவுல நிக்குது, நான் ஜல்தி ஜல்தியா மறுபடி கஞ்சி காச்ச வேண்டியதாப் போச்சு." தெருக்கோடி மாட்டுக்காரரோடு சண்டையும் போட்டுவிட்டு வந்திருந்தாள். நீகூட உள்ளிருந்து கேட்டுச் சிரித்தாய். இந்த ஒரு வாரத்தில் நீ சிரித்தது அந்த ஒருதரம்தான்.

சரி, உங்கப்பா ஒட்டின ஸ்டிக்கருக்கு வருகிறேன். இந்த வண்டி நம்மிடம் வரும்போதே பழசு. களம்பூர் ரைஸ்மில்லுக்கு வேலைக்குப் போய்வர வாங்கினார். ஞாயிற்றுக்கிழமையானால் நம்மையும் ஏற்றிக்கொண்டு எங்காவது கிளம்புவார். முன்சீட்டில் உட்கார்ந்தால் நான் ரோட்டைப் பார்க்க மாட்டேன், சூடு காட்டுகிற முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன். ஒரு நூல் நகர்ந்தாலும் "ஏங்க, முள்ளு ஏறுதுங்க" என்பேன். "ஏறினா எறங்கும், நீ சும்மா வா" என்பார். சும்மா வர நம்மால் ஆகுமா? ஒருதரம் படவேட்டுக் கோயிலுக்குப் போயிருந்தபோது, வெளியே கடையில் அம்மன் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை வாங்கினார். நேராக வண்டிக்கு வந்து, அந்த முள் இருக்கிற கண்ணாடியின் மேலேயே ஒட்டிவிட்டார். "இனிமே அம்மனைப் பாத்துகினு வா. மத்ததை அவ பாத்துப்பா." பின்சீட்டில் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். முன்பல் இரண்டும் இல்லாத பொக்கைவாய்ச் சிரிப்பு.

அப்புறம் என்ன, அடுத்த முறை சேத்துப்பட்டு ரோட்டில் வண்டி கொதித்து நின்றது. பானெட்டைத் திறந்துவிட்டு உங்கப்பா என்னைப் பார்த்து, "முன்னாடியே சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு?" என்றார். நான் விடுவேனா? "எதைப் பாத்துச் சொல்றது? முள்ளைத்தான் மூடியாச்சே! உங்க அம்மனைக் கேளுங்க, அவ சொல்லுவா!" என்று நானும் எகிறினேன். களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஸ்டிக்கரை மட்டும் எடுக்கவில்லை, அத்தனை வீம்பு. அதற்குப் பதிலாக வழி நெடுக "வாசனை இன்னா சொல்லுது?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து நான் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு வருவேன். ரப்பர் தீய்கிற நாற்றம் என்றால் பெல்ட். தித்திப்பாக ஓர் ஆவி வாசனை வந்தால் ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலண்ட் எங்கோ கசிகிறது. மூக்கு எரிகிற மாதிரி வந்தால் ஆயில். நான் சொல்வேன், அவர் ஓரங்கட்டுவார். பாதி நேரம் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் ஓரங்கட்டுவார். அவர் போனபிறகு வண்டியை நீ எடுத்துக்கொண்டாய். அந்த ஸ்டிக்கரை எடுத்துவிடுடா என்றேன். "அப்பா ஒட்டினதும்மா, இருந்துட்டுப் போவட்டும்" என்றாய். எனக்கும் அப்போது அழுகை வந்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று வளையல் போட என் முறை வந்தது. வந்த நாளிலிருந்து இந்த வெயிலிலும் முழுக்கைச் சுடிதாரையே போட்டுகினு இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள், தலைப்பை மட்டும் இடது கையில் இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். விலக்கி ஒரு சிவப்பு வளையலை ஏற்றினேன். மணிக்கட்டைத் தாண்டும்போது "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தாள். குனிந்து பார்த்தால் தோல் வழன்று, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கிடக்கிறது. "இன்னாம்மா இது?" என்றேன். "எண்ணெய் தெறிச்சிடுச்சு அத்தே" என்றாள். எந்த எண்ணெய்? வந்ததிலிருந்து அவளை நான் அடுப்புப் பக்கமே விடவில்லையே. சபை நிறையப் பெண்கள். வாயை மூடிக்கொண்டு மீதி வளையல்களை வலது கையில் போட்டேன். இரவெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்லை. நீ ஏதாவது செய்துவிட்டாயோ என்றுகூட நினைத்தேனடா. பெற்றவள் நினைக்கக் கூடாதுதான், நினைத்துவிட்டேன்.

இன்று காலை நீ பஸ்ஸுக்குப் போனதும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"கை எப்படிம்மா வெந்துச்சு? நெசத்தைச் சொல்லு."

"அவருகிட்ட சொல்ல மாட்டீங்களே அத்தே?"

"அதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல நீ சொல்லு."

"வண்டியில பொக பொகயா வந்துச்சு அத்தே. தீப்பிடிச்சுக்குமோன்னு பயந்துட்டேன். துணிய வச்சி அந்த மூடியத் திருகினேன், புஸ்ஸுனு கைமேல அடிச்சிடுச்சு. அப்புறம் கொஞ்சம் பொறுத்து, பக்கெட்ல இருந்த தண்ணிய மொண்டு மொண்டு ஊத்தி மூடிட்டேன். அவரு வந்தாரு. 'நீ எதையாவது தொட்டியா?'ன்னாரு. கேட்ட மாதிரியே இல்ல அத்தே, அடிக்க வர மாதிரி இருந்துச்சு. இல்லீங்கன்னு சொல்லிட்டேன். தண்ணி ஃபுல்லா இருக்குதுன்னு அவங்க பேசிகினாங்க. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"எந்த பக்கெட்டுத் தண்ணி?"

"பாவாண்ட ஒரு பக்கெட் இருந்துச்சே, ஆளுங்க எல்லாம் அந்தக் கோடியில இருந்தாங்க. லேசா கலங்கலா இருந்துச்சு. நூலை நனைக்கிற தண்ணி போலன்னு நெனச்சேன்."

தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்றே எனக்குத் தெரியவில்லை. செஞ்சிப் பெண்ணுக்குப் பாவைப் பற்றி என்ன தெரியும்? "அடி என் கண்ணே, அது தண்ணி இல்லடி. தனம் வடிகட்டி வச்சிருந்த அரிசிக் கஞ்சி!" என்றேன். "அய்யோ அத்தே, வண்டி போச்சா?" என்று ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். முதலில் அவளை அழைத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கையைக் காட்டி மருந்து போட்டுவந்தேன். பிறகு நீ ஆணியில் மாட்டிவிட்டுப் போன சாவியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன்.

வண்டி ராத்திரி முழுக்க நின்று ஆறிக் கிடந்தது. அப்படியும் துண்டைப் போட்டுத்தான் மூடியைத் திறந்தேன், சூடான இன்ஜினில் நீயும் ஒருபோதும் திறக்காதே. குனிந்து முகர்ந்தேன். உங்கப்பா பழக்கிவிட்ட மூக்கு பொய் சொல்லுமா? புளித்த கஞ்சி நாற்றம் குப்பென்று வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தேன். ஆயில் என்றால் வழுக்கும், இது பிசுபிசுத்தது. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன், கறுப்பாகத்தான் இருந்தது, வெள்ளை கலக்கவில்லை. ஆயில் ஊற்றுகிற மூடியின் அடியிலும் வெண்ணெய் மாதிரி எதுவும் படியவில்லை. தண்ணீரும் ஆயிலும் கலந்திருந்தால் அங்கேதானே தெரியும்? சாவியைத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். ஆவி கிளம்புகிறதா என்று ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, ஃபேன் பக்கம் கை போகாமல், ரேடியேட்டரின் மேல்குழாயைத் தொட்டேன், சுட்டது. கீழ்க்குழாய் சில்லென்று கிடந்தது. உடனே நிறுத்திவிட்டேன். தெர்மோஸ்டாட்டோ புதுசு. அப்படியென்றால் கஞ்சி வெந்து கூழாகி ரேடியேட்டருக்குள் அடைத்துக்கொண்டு நிற்கிறது, தண்ணீர் சுற்றவே இல்லை. கீழ்க்குழாய் கிளிப்புக்கு அடியில் துருத்தண்ணீர் வழிந்து காய்ந்த தடம் ஒன்றும் இருக்கிறது. முதல்முதலாகச் சூடேறியதற்குக் காரணம் அந்தத் தளர்ந்த கிளிப்பாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு ரேடியேட்டர் காலியாக இருந்திருந்தால் மெக்கானிக் கசிவைத்தான் முதலில் தேடியிருப்பார். நிறைந்திருந்ததைப் பார்த்து வேறு வழியில் போய்விட்டார். அவரைக் குறை சொல்லாதே, அவருக்கு யார் சொன்னார்கள்? கஞ்சி விஷயத்தை அவரிடம் ஒளிக்காமல் சொல். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவட்டும், இன்ஜினுக்குள்ளும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசட்டும், கிளிப்பை மாற்றட்டும். அதன்பிறகும் சூடேறினால் இன்ஜினைப் பிரிப்பதைப் பற்றி யோசிக்கலாம். நாளை மறுநாளுக்குள் முடியாவிட்டால் வாடகைக் காரில் போ. இதில் மட்டும் உன் வீம்பை நான் கேட்கமாட்டேன்.

வண்டிக்கு எப்படியும் வைத்தியம் ஆகிவிடும் தம்பி. என் பயம் இப்போது வண்டியைப் பற்றியது இல்லை. கை வெந்ததைக்கூட உன்னிடம் சொல்லாமல் ஒரு வாரம் துணிக்குள் மறைத்து வைத்திருந்தவள், நாளைக்கு வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்றால் சொல்வாளா? வலி எடுக்கும்போது நீ எரிச்சலாக இருக்கிறாய் என்று பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட மாட்டாளா? என் பயம் இதுதான். நீ கெட்டவன் இல்லை. குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை, அவளே சொன்னாள். ஆனால் நீ கேட்கிற கேள்வி கேள்வி மாதிரியே இல்லையே. வாயைத் திறக்கும் முன்பே அவள் தப்பு செய்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டுக் கேட்கிறாய். உங்கப்பாவும் கத்துவார், இல்லை என்று சொல்லவில்லை. நான் அதைவிட இரண்டு மடங்கு கத்துவேன், அதோடு தீர்ந்தது, எங்களுக்குள் ஒன்றும் மறைந்து கிடக்கவில்லை. நந்தினி திருப்பிக் கத்துகிற பெண் இல்லை. நீ கத்தினால் அவள் அடங்கிவிடுவாள். வீடு அமைதியாக இருக்கிறது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நீயும் நினைத்துக்கொண்டிருப்பாய்.

உன்னிடம் சொல்லட்டுமா என்று அவளையே கேட்டேன். "நானே சொல்றேன் அத்தே. அவரு கத்தாம கேட்டா போதும்" என்றாள். "அதுக்கு நான் ஆச்சு" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்காகத்தான் முன்கூட்டியே உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், நான் எழுதுவது அவளுக்கும் தெரியும். உன் கோபம் எல்லாம் இந்தச் சீட்டிலேயே தீர்ந்துபோகட்டும். அவள் சொல்லும்போது நடுவில் புகுந்து "எல்லாம் தெரியும், அம்மா எழுதிட்டாங்க" என்று வெட்டிவிடாதே. திக்கித் திக்கித்தான் சொல்வாள். முடிக்கும்வரை கேள். என் மானத்தைக் காப்பாற்று.

இன்னொன்று. ஸ்டிக்கரைத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து நானே சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போது நிமிர்ந்து பார், முள் தெரியும். கோபம் வந்தால் என்மேல் வரட்டும். அம்மனைத் தூக்கி எறியவில்லை, பக்கத்தில் டேஷ்போர்டு மேல் ஒட்டியிருக்கிறேன். ஓரம் கிழிந்துவிட்டது, கொஞ்சம் கோணலாகவும் இருக்கிறது. உங்கப்பா இருந்தால் அதற்கும் ஒரு சண்டை நடந்திருக்கும். போகும்போது நந்தினியை முன்சீட்டில் உட்கார வை. "முள்ளு ஏறுதுங்க" என்று அவள் சொன்னால் ஓரங்கட்டு. ஏறாமலே சொன்னாலும் ஓரங்கட்டு.

இப்போது இறங்கி வீட்டுக்கு வா. இன்றைக்கு முழுக்கைச் சுடிதார் வேண்டாம் என்று நந்தினியிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரமாக ரேடியேட்டருக்குள் தலையை விட்டுப் பார்த்தாயே, அவள் இடது கையைப் பிடித்து ஒருதரம் பார். எப்படி ஆச்சு என்று நீ கேட்க வேண்டாம், அதை அவளே சொல்வாள். வலிக்குதா என்று மட்டும் கேள்.